மேப்ல வெள்ளைக் கோடா இருக்கற ரோடு: பிரான்ஸ் கிராமங்கள்ல சைக்கிள் ஓட்டிக் கத்துக்கிட்டது

லியோனுக்கு வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம்தான் சைக்கிள் வாங்கினேன். முதல் லாங் ரைடு லியோனுக்கு வடக்கே இருக்கற மாகோன்லேர்ந்து டூர்னுங்கற ஊர் வரைக்கும், போன ரோடு டி 906. ரோட்டு நம்பருக்கு முன்னாடி ஏ (A) இருந்தா ஆட்டோரூட், அதாவது எக்ஸ்பிரஸ்வே, அதுல சைக்கிள் ஏறவே கூடாது, என் (N) இருந்தா நேஷனல், டி (D) இருந்தா டிபார்ட்மென்ட் ரோடு, அதாவது நம்மூர் மாவட்ட ரோடு மாதிரின்னு அவ்வளவுதான் எனக்கு அப்போ தெரியும். டின்னு இருக்கே, வயலுக்கு நடுவுல நிம்மதியா போயிடலாம்னு நம்பி ஏறிட்டேன். அஞ்சு நிமிஷத்துல ஒரு பெரிய லாரி பக்கத்துல போச்சு, அது தள்ளுன காத்துல சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடிருச்சு, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் வரிசையா நாலு. ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சு பிடிச்சு டூர்னு போய் சேர்றப்போ ரெண்டு கையும் மரத்துப்போயிருந்துச்சு. வழியில என்ன பாத்தேன்னு கேட்டா ரோட்டோரத்துல போட்டிருக்கற வெள்ளைக் கோடு தவிர எதுவும் பாக்கல.

அப்புறமாதான் தெரிஞ்சுது, அந்த டி 906ங்கறது பழைய என் 6. பாரிஸ்லேர்ந்து லியோன் வழியா இத்தாலி எல்லை வரைக்கும் போன பழைய நெடுஞ்சாலை அது. 2006ல சுமார் 18,000 கிலோமீட்டர் நேஷனல் ரோடுகளை அரசாங்கம் டிபார்ட்மென்ட்கள் பொறுப்புல விட்டுச்சு, அப்போ போர்டுல நம்பர் மாறுச்சு, ஓடற வண்டி எல்லாம் அதேதான். லியோன்லேர்ந்து வடகிழக்கே போற டி 1083யும் இதே கதை, அது பழைய என் 83. அதனால 900ல ஆரம்பிக்கற நம்பர், இல்ல நாலு இலக்க நம்பர் பாத்தீங்கன்னா ஒரு நிமிஷம் நின்னு மேப்பைப் பாருங்க. எல்லா டிபார்ட்மென்ட்லயும் இது அப்படியே பொருந்தும்னு சொல்லமாட்டேன், ஏன்னா ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன் ரோட்டுக்குத் தானே நம்பர் போட்டுக்குது, எல்லையைத் தாண்டுனதும் அதே ரோடு வேற நம்பர் ஆயிடும், சில இடத்துல தாரோட நிறம்கூட அந்தக் கோட்டுல டக்குன்னு மாறும். ஆனா சந்தேகப்படறதுக்கு அந்த நம்பர் போதும்.

அதுக்கப்புறம் நாலஞ்சு வருஷமா மாசத்துக்கு ரெண்டு வாட்டியாவது போயிட்டிருக்கேன். இந்த நாட்டுல அமைதியான ரோடு எங்க இருக்குன்னு தேடி அலைய வேண்டியதே இல்ல, பக்கத்துலயே வேகமா போற ரோடு ஒண்ணு இருந்தா போதும், சின்ன ரோடு அமைதியா இருக்கும். அவசரக்காரங்க எல்லாரும் அதுல போயிடுவாங்க. சாவோன் ஆத்தோரமா ஏ6 ஆட்டோரூட்டும் டி 906மும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வடக்கு தெற்கா ஓடுது, லாரி, ஆபீஸ் போறவங்க, டூர் போறவங்க எல்லாரையும் அந்த ரெண்டும் இழுத்துக்குது. அங்கேர்ந்து மேற்கே நாலஞ்சு கிலோமீட்டர் மேட்டுல ஏறிட்டா போதும், ஒரு மணி நேரத்துல மூணு கார் பாத்தா அதிகம். இதுக்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு, மலை இடுக்குல ஒரே ஒரு ரோடுதான் இருக்குன்னா அது மேப்ல எவ்வளவு ஒல்லியா தெரிஞ்சாலும் எல்லா வண்டியும் அதுலதான் வந்தாகணும். ரோடு சின்னதா பெருசாங்கறதைவிட, காரு வச்சிருக்கறவனுக்கு வேற வழி இருக்கா இல்லையாங்கறதைத்தான் நான் முதல்ல பாக்கறேன்.

இவ்வளவு குட்டி ரோடு எப்படி வந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியம். பிரான்ஸ்ல சுமார் 35,000 கம்யூன் இருக்கு, நம்மூர் ஊராட்சி மாதிரி, நூறு பேர் இருக்கற ஊருக்கும் தனி மேயர், அவருக்கு மேரின்னு ஒரு ஆபீஸ், ஒரு சர்ச், ஒரு கல்லறைத் தோட்டம். ஒவ்வொண்ணுலேர்ந்தும் அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் ரோடு. மொத்தமா பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல ரோடு இருக்குன்னா அதுல ஆட்டோரூட்டும் நேஷனலும் சேர்ந்தே இருபதாயிரத்துச் சொச்சம்தான், டிபார்ட்மென்ட் ரோடு சுமார் 3.8 லட்சம், மீதி கிட்டத்தட்ட 7 லட்சம் கிலோமீட்டர் கம்யூன் ரோடு. ஊர்ல இருந்தவங்க பாதி பேர் நகரத்துக்குப் போயிட்டாங்க, ரோடு மட்டும் தார் போட்டபடி அப்படியே இருக்கு. மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோற டிராக்டர், தபால்காரரோட மஞ்ச வேன், அப்புறம் நாம.

மேப் விஷயத்துல நான் பழைய ஆள்தான். மிஷ்லேன் (Michelin) பேப்பர் மேப், 1:150,000 அளவு, ஒரு சென்டிமீட்டர்னா ஒன்றரை கிலோமீட்டர். அதுல சிவப்புக் கோடு பெரிய ரோடு, தொடவே வேணாம். மஞ்சள் நடுத்தரம், காலையில எட்டு மணிக்கும் சாயங்காலம் அஞ்சரைக்கும் தவிர்த்துட்டா பரவால்ல. வெள்ளைதான் நம்ம ரோடு. ரோட்டோட ஓரத்துல பச்சைப் பட்டை இருந்தா அழகான ரோடுன்னு அர்த்தம், ஆனா அழகா இருக்கறதை காரு வச்சிருக்கறவங்களும் தேடி வருவாங்க, அதனால ஆகஸ்ட் மாசத்துல மஞ்சளும் பச்சைப் பட்டையும் சேர்ந்திருந்தா நான் போறதில்ல. ரோட்டு மேல குட்டி அம்புக்குறி இருக்கும் பாருங்க, அது ஏத்தம். ஒரு அம்புன்னா 5லேர்ந்து 9 சதவீதம், ரெண்டுன்னா 9லேர்ந்து 13, மூணுன்னா அதுக்கும் மேல. அம்பு பாக்கற பக்கம்தான் மேடு. லோடு ஏத்துன சைக்கிள்ல ரெண்டு அம்பு ரோட்டுல ஏறி இறங்குன அன்னிக்கு ராத்திரி முட்டி என்ன சொல்லுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

ஜிபிஎஸ் வேணாம்னு சொல்லல, நானும் ஹேண்டில்ல மாட்டித்தான் ஓட்டறேன். ஆனா அது வழி போடறப்போ மண் பாதையையும் ரோடையும் ஒண்ணா நெனச்சிடுது. ஒரு மே மாசம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பாதையில இறக்கி விட்டுடுச்சு, முதல் ஐநூறு மீட்டர் தார், அப்புறம் சுண்ணாம்புக்கல், அப்புறம் முந்தின நாள் மழையில ஊறுன களிமண். அந்தப் பக்கத்துக் களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல போய் அடைச்சுதுன்னா சக்கரம் சுத்தவே சுத்தாது. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு மேடேறி வந்தேன், போன்ல சிக்னலும் இல்ல. இப்பல்லாம் ராத்திரியே ரூட்டை சாட்டிலைட் படத்துல ஒரு தடவை ஓடவிட்டுப் பாத்துடறேன், தார் ரோடு சாம்பலா தெரியும், மண் பாதை வெளிர் பழுப்பா நடுவுல புல்லு ஓடி ரெண்டு கோடா தெரியும். பதினஞ்சு நிமிஷ வேலை.

ரோட்டுல இறங்குனதும் போர்டுதான் உங்க தோஸ்து. பச்சை போர்டுல வெள்ளை எழுத்துன்னா தூர ஊருக்குப் போற பெரிய ரூட்டு, நீலம்னா ஆட்டோரூட்டுக்குக் கொண்டுவிடும், வெள்ளை போர்டுல கறுப்பு எழுத்துன்னா உள்ளூர் வழி, அதைப் பிடிச்சுக்கிட்டே போங்க. போர்டு மேல குட்டிப் பெட்டியில ரோட்டு நம்பர் இருக்கும், மஞ்சப் பெட்டின்னா டி ரோடு, வெள்ளைப் பெட்டியில சி போட்டிருந்தா கம்யூன் ரோடு, அதைப் பாத்தாலே எனக்கு மனசு லேசாயிடும். மைல்கல்லுலயும் இதே கணக்கு, ஆனா நம்ம ஆளுங்க இங்க குழம்புவாங்க, நம்மூர்ல மஞ்சத் தலை மைல்கல்னா தேசிய நெடுஞ்சாலை, இங்க மஞ்சத் தலை டிபார்ட்மென்ட் ரோடு, சிவப்புத் தலைதான் நேஷனல். ஊருக்குள்ள "தூத் திரெக்ஸியோன்"னு, அதாவது எல்லாத் திசைக்கும்னு ஒரு போர்டு கையைக் காட்டும், அது காருக்கானது, பைபாஸ்ல கொண்டுபோய் விட்டுடும். நீங்க "சென்த்ர்"னு போட்ட பக்கம் திரும்பி ஊர் நடுவுல புகுந்து போங்க, பேக்கரியும் அங்கதான் இருக்கும், அமைதியான ரோடும் அங்கேர்ந்துதான் கிளம்பும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூட்டைச் சொல்லிடறேன். லியோன்லேர்ந்து டிஜோன் பக்கம் போற டெர் ட்ரெயின்ல, அதாவது பக்கத்து ஊர்களுக்கு ஓடற ரயில்ல, சைக்கிளோட டூர்னுல இறங்கிடுங்க. ஸ்டேஷன் பக்கத்துலயே சேன் ஃபிலிபேர் மடத்துக் கோயில் இருக்கு, ஆயிரம் வருஷத்துக் கல்லு, அஞ்சு நிமிஷம் உள்ள போய் நின்னுட்டு வாங்க. அங்கேர்ந்து டி 14 பிடிச்சு மேற்கே ஒஸெனே, அப்புறம் ப்ரான்சியோன். டி 14ம் டி ரோடுதான், ஆனா டி 906க்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ப்ரான்சியோன் ஒரு குன்று மேல கோட்டையும் கல்லுக் கோயிலுமா ஒட்டிக்கிட்டிருக்கற குட்டி ஊர், மெயின் ரோட்டுலேர்ந்து கொஞ்சம் ஏறணும், ஏறுங்க. அந்தக் கோயில் பக்கத்துல நின்னு பாத்தா மேற்கே குரோன் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், வேலி போட்ட புல்வெளி, அதுல ஷாரோலே மாடுங்க, உடம்பு முழுக்க பால் வெள்ளை. அப்புறம் ஒரு நீளமான இறக்கம், பெடல் மிதிக்கவே வேணாம், ஷாபேஸ் வந்துடும். ஷாபேஸ்ல கோயிலோட மணிக்கூண்டு ஊரைவிடப் பெருசா தெரியும், அதைத் தாண்டுனா கொர்மத்தேன். டூர்னுலேர்ந்து இதுவரைக்கும் சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனா நான் ஒருநாளும் மூணு மணி நேரத்துக்குக் குறைஞ்சு போனதில்ல.

கொர்மத்தேன்ல வொய் வெர்த் வரும், அதாவது பழைய ரயில் பாதையை எடுத்துட்டுத் தார் போட்ட சைக்கிள் பாதை. பிரான்ஸ்லயே இந்த வகையில முதல்ல வந்தது இதுதான், ஜிவ்ரிலேர்ந்து க்ளூனி வரைக்கும் 44 கிலோமீட்டர், 1997ல திறந்தாங்க. ரயில் போன பாதைங்கறதால மேடே தெரியாது, சின்னப் பசங்களோட வர்றவங்க, புதுசா ஆரம்பிக்கறவங்க கண்ணை மூடிக்கிட்டு இதுல வாங்க. வழியில புஸ்ஸின்னு ஒரு ஊரு, எழுதறப்போ எக்ஸ் போட்டு எழுதுவாங்க, வழி கேக்கறப்போ புக்ஸின்னு கேட்டா அவங்களுக்குப் புரியாது, இந்தப் பர்கண்டி பக்கம் அந்த எக்ஸ் "ஸ்ஸ்"தான். க்ளூனிக்குத் தெற்கே மாகோன் பக்கம் போனா புவா க்ளேர் டன்னல், 1.6 கிலோமீட்டர் நீளம், ஜூலை வெயில்லகூட உள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போன மாதிரி ஜில்லுன்னு இருக்கும், ஜாக்கெட்டும் லைட்டும் பையில மேலாப்ல வச்சுக்கோங்க. குளிர்காலத்துல வௌவால் தூங்கணும்னு டன்னலை மூடிடுவாங்க, அப்போ மேல கணவாய் ஏறித்தான் தாண்டணும். என் மனசுல பட்டதைச் சொல்றேன், வொய் வெர்த் நல்லதுதான், ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதுல ஜனக்கூட்டம், ரெண்டு பக்கமும் இருக்கற வெள்ளைக் கோட்டு ரோட்டுல அதே நேரம் ஈ காக்கா இருக்காது. நான் வொய் வெர்த்தை முதுகெலும்பு மாதிரி வச்சுக்கிட்டு அங்கங்க இடமும் வலமும் பிரிஞ்சு போய்ட்டு வர்றேன்.

இப்போ சாப்பாடும் தண்ணியும். இது முக்கியம், ஏன்னா ரோடு ரொம்ப அமைதியா இருக்கற நேரமும் கடை மூடியிருக்கற நேரமும் இங்க ஒண்ணேதான். பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஊரே சாப்பிட உக்காந்துடும், ரோட்டுல டிராக்டர்கூட நின்னுடும், எனக்குப் பிடிச்ச நேரமே அதுதான். ஆனா பன்னெண்டரைக்கு மேல பல பேக்கரிக் கதவு மூடியிருக்கும். ஞாயிறு மத்தியானமும் திங்களும் இன்னும் மோசம். நானும் மதுரைக்கார நண்பன் ஒருத்தனும் ஒரு திங்கக்கிழமை கிளம்பிட்டோம், மூணு ஊர்ல மூணு பேக்கரி, மூணும் மூடல். "டேய், பையில பிஸ்கட்டாவது இருக்கா"ன்னு அவன் கேட்டப்போ என்கிட்ட இருந்தது ரெண்டு வாழைப்பழம். நாலாவது ஊர்ல மேரி பக்கத்துல பாகெத் போடற மெஷின் ஒண்ணு, காசு போட்டா ரொட்டி வரும், அதுதான் அன்னிக்குக் காப்பாத்துச்சு. இப்பல்லாம் பதினொண்ணரைக்குள்ள ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில போட்டுட்டுத்தான் மத்தியான அமைதிக்குள்ள நுழையறேன். சேன்-எத்தியேன்ல இருந்த வெலொசியோ, நிஜப்பேர் போல் த விவி, 1853லேர்ந்து 1930 வரைக்கும் வாழ்ந்தவர், பிரான்ஸ்ல சைக்கிள் பயணத்துக்கே தகப்பன் மாதிரி, பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடின்னு அவர் சொல்லிட்டுப் போனது நூத்துக்கு நூறு சரி.

தண்ணிக்குக் கல்லறைத் தோட்டம். இதை யாரோ சொன்னப்போ எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, நம்ம மனசு அப்படித்தானே. ஆனா பூச்செடிக்கு ஊத்தறதுக்காக அனேகமா எல்லாக் கல்லறைத் தோட்டத்துலயும் குழாய் வச்சிருப்பாங்க. ஷாபேஸ் பக்கம் ஒரு ஆகஸ்ட், ரெண்டு பாட்டிலும் காலி. இரும்பு கேட்டைத் தள்ளிட்டு உள்ள போனேன், சுவத்தோரமா வரிசையா பச்சை பிளாஸ்டிக் பூவாளி ஆணியில தொங்குது, அதுக்குக் கீழ ஒரு பித்தளைக் குழாய், வெயில்ல சுட்டுக்கிடக்கு. ஒரு வயசான அம்மா பூவாளியில தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் போன்ழூர் மதாம்னு சொல்லிட்டு நின்னேன். என் பாட்டிலைப் பாத்தாங்க, "முதல்ல வர்ற தண்ணியைப் பிடிக்காதீங்க, சுடும், கொஞ்ச நேரம் ஓடட்டும்"னு சொல்லி தன் பூவாளியை நகர்த்தி அந்தச் சுடுதண்ணியை அதுல விட்டுக்கிட்டாங்க, ஜில்லுன்னு வர ஆரம்பிச்சதும் எனக்குக் கையைக் காட்டுனாங்க. அப்புறம் அந்தப் பூவாளியைத் தூக்கிக்கிட்டு மெதுவா ஒரு கல்லுகிட்டப் போய் அங்க இருந்த சிவப்பு ஜெரேனியம் தொட்டிக்கு ஊத்துனாங்க. நான் சத்தம் போடாம கேட்டைச் சாத்திட்டு வந்தேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, குழாய் மேல "ஓ நோன் பொத்தாப்ள்"னு எழுதியிருந்தா குடிக்கக் கூடாது. குளிர்காலத்துல குழாய் உறைஞ்சிடும்னு பல ஊர்ல தண்ணியை நிறுத்திடுவாங்க. உள்ள போறப்போ தொப்பியைக் கழட்டிட்டு, சைக்கிளை வெளிய சாத்திட்டுப் போங்க.

ரோட்டு விதி ரெண்டு மூணு இருக்கு, மறந்தா உயிரோட விளையாடறதுதான். ஊருக்கு வெளிய உங்களைத் தாண்டற கார் ஒன்றரை மீட்டர் இடம் விடணும், ஊருக்குள்ள ஒரு மீட்டர், கிராமத்துல பெரும்பாலும் இதை மதிக்கறாங்க. நடுவுல தடுப்பு இல்லாத ரெண்டு லேன் ரோட்டுல 2018 ஜூலைலேர்ந்து 80 கிலோமீட்டர் வேகம்தான், அப்புறம் 2020லேர்ந்து சில டிபார்ட்மென்ட்கள் சில ரோட்டுல திரும்ப 90 ஆக்கிட்டாங்க. ஆனா நம்ம ஆளுங்க மாட்டிக்கறது "பிரியோரித்தே அ த்ருவாத்"லதான். போர்டோ கோடோ இல்லாத முனையில வலது பக்கத்துலேர்ந்து வர்றவனுக்குத்தான் முதல் உரிமை, அவன் சந்துலேர்ந்து வந்தாலும் சரி, நீங்க நேரா போற பெரிய ரோட்டுல இருந்தாலும் சரி. குட்டி ஊர்ல இறக்கத்துல வேகமா வர்றப்போ இதை மறந்துடாதீங்க. ராத்திரியோ பனிமூட்டமோ இருந்தா ஊருக்கு வெளிய பளிச்சுன்னு மின்னுற ஜாக்கெட் கட்டாயம், காதுல இயர்ஃபோன் போட்டுக்கிட்டு ஓட்டுனா ஃபைன். செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் வேட்டை சீசன் வேற, ஞாயித்துக்கிழமை காட்டோரத்துல துப்பாக்கிச் சத்தம் கேக்கும், அந்த மாசங்கள்ல நான் ஆரஞ்சு ஜாக்கெட் இல்லாம கிளம்பறதில்ல.

இன்னொரு ஆபத்து "கிராவியோன்". கோடையில ரோடு ரிப்பேர்னு தாரைத் தெளிச்சு மேல பொடி ஜல்லியைக் கொட்டி விட்டுடுவாங்க, வண்டி ஓடி ஓடி அதுவா அமுங்கட்டும்னு. வெள்ளைக் கோட்டு ரோட்டுல வண்டியே ஓடாதே, அப்போ அந்த ஜல்லி வாரக்கணக்குல அப்படியே கிடக்கும். கொர்மத்தேன் பக்கம் ஒரு வளைவுல முன்சக்கரம் வழுக்கி இடது முழங்கை தோல் உரிஞ்சுது, தழும்பு இன்னும் இருக்கு. போர்டு பாத்தா வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுங்க, வளைவுல பிரேக் பிடிக்காதீங்க, கார் சக்கரம் போய் தெளிவா இருக்கற தடத்துலயே போங்க. இந்த ரோட்டுக்கெல்லாம் 25 மில்லிமீட்டர் டயர் பத்தாது, நான் 32 போட்டிருக்கேன், காத்தும் கொஞ்சம் குறைச்சு வச்சா எலும்பு குலுங்காது. ட்யூப் ரெண்டு, பேட்ச், பம்ப், செயின் டூல் கையில இருக்கணும், ஷாலோன், மாகோன் மாதிரி ஊர்லதான் சைக்கிள் கடை, நடுவுல எதுவும் இல்லன்னு நெனச்சுக்கிட்டே கிளம்புங்க. திரும்பி வர்றப்போ ஞாயிறு சாயங்காலக் கடைசி ட்ரெயினை நம்பாதீங்க, சைக்கிள் வைக்கற இடம் முழுசா நிரம்பிடும், ஒரு ட்ரெயின் முன்னாடியே பிடிச்சிடுங்க.

வேற ஊர்ப்பக்கம் போறவங்களுக்கும் அதே கணக்குதான். லோட் டிபார்ட்மென்ட்ல செலே ஆத்தை ஒட்டிப் போற டி 41, கப்ரெரே, மார்சியாக் வழியா ஃபிழாக் வரைக்கும், ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் ஆறு, மே மாசத்துல நான் போன அன்னிக்கு கார்களைவிட நாரை அதிகம். நாட்டோட நடுவுல கிரேஸ் டிபார்ட்மென்ட், ஜனமே ரொம்பக் கம்மி, மேடு பள்ளம் ஓயாம வந்துக்கிட்டே இருக்கும், கடை இன்னும் கம்மி, அனுபவம் வந்தப்புறம் போங்க. லுவார் ஆத்தோரம் சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் ரூட்டுக்குப் போர்டு போட்டு வச்சிருக்காங்க, வழி தவறவே தவறாது, ஆனா ஜூலை ஆகஸ்ட்ல தங்க இடம் கிடைக்கறது கஷ்டம், செப்டம்பர்தான் சரி.

இந்த செப்டம்பர்ல க்ளூனிலேர்ந்து மேற்கே ஷாரோல் வரைக்கும் வெள்ளைக் கோட்டுலயே போய்ட்டு வரணும்னு மதுரைக்காரனும் நானும் பேசி வச்சிருக்கோம். மேப் மேஜை மேல விரிச்சபடியே கிடக்கு, கல்லறைத் தோட்டம் இருக்கற ஊருக்கெல்லாம் பென்சில்ல ஒரு வட்டம், பேக்கரி இருக்கற ஊருக்கு ரெண்டு வட்டம். செவ்வாய்க்கிழமை கிளம்பறோம்.